கே-07 அவர்களைப் பார்க்க அனுமதி கோரி

“உசுரோட இருக்கிற மனுசனப் பாக்குறதுக்கு எதுக்குய்யா டெத் சர்டிபிகேட்டு?”

“யக்கா, சத்தம் போடாதீங்க. கேமரா ஓடுது.”

“ஓடட்டும். நல்லா ஓடட்டும். அதப் பாத்தாவது எவனாச்சும் எறங்கி வர்றானான்னு பாப்போம்.”

“நான் விடமாட்டேன்னு சொல்லலியே. யாரப் பாக்கணும்னு இந்தக் கட்டத்துல எழுதணும். நீங்க வீட்டுக்காரர்ங்கிறீங்க. அவுக செத்து ஒம்பது மாசம் ஆச்சு. அடக்கத்துக்கு நானே வந்து மண்ணு அள்ளிப் போட்டேன்.”

“நீ போட்ட மண்ணு கல்லறையில கெடக்கு ஞானவேலு. அவுக உங்க ரெண்டாவது மாடியில கெடக்காக.”

பதில் தெரியாத கேள்விக்கு என்று காவலாளி ஞானவேலின் மேசையில் இன்டர்காம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதை எடுத்து, “சார், ஒரு அம்மா வந்திருக்காங்க. ஈரலப் பாக்கணுமாம்” என்றார்.

கொடைக்கானல் ஏரிக்கு மேலே மேட்டில் இருக்கிறது உயர்மலைத் திசுப் பொறியியல் நடுவம். ஈரலின் உயிரணு சாகாமல் இருக்க முப்பத்தேழு டிகிரி சூடு வேண்டுமாம். அதனால்தான் தேடிப் பார்த்து இவ்வளவு குளிரான ஊரில் கட்டியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், “சவால் உள்ள இடத்தில்தான் அறிவியல் வளரும்” என்பார் இயக்குநர் முனைவர் சிவமுருகன். அவருக்குக் கீழ்நாட்டு வெயில் ஆகாது, உடம்பெல்லாம் வேர்க்குரு வந்துவிடும் என்பது அவருடைய டிரைவர் சொல்லித்தான் எங்கள் தெருவுக்குத் தெரியும்.

வாசலில் சத்தம் போட்ட கித்தேரியம்மாளின் கணவர் இருதயசாமி, முப்பது வருடம் மிஷன் பள்ளிக்கூடத்தில் எலக்ட்ரீசியன். நடுவம் கட்டியபோது பாதி வயரிங் அவர் கைவேலைதான். ஒரு சொட்டுக் குடிக்காத மனிதர். ஆனாலும் ஈரலில் கட்டி என்று மதுரையில் சொன்னதுமே, ரகசியமாகக் குடித்திருக்கிறார் என்று தெரு முடிவுகட்டிவிட்டது. நானும் இரண்டு வீட்டில் சொல்லியிருப்பேன், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அவர் சாவதற்கு முந்தின வருடம் மே மாதம் அறுவை நடந்தது. கட்டியோடு சேர்த்து, அதைச் சுற்றியிருந்த நல்ல ஈரலிலும் ஒரு துண்டை வெட்டவேண்டி வந்தது. அந்த நல்ல துண்டை நடுவத்துக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டபோது, “வயரிங் பண்ணுன எடந்தான, கொண்டுபோங்க” என்று கையெழுத்துப் போட்டார். இயக்குநர் அவருக்கு மாலை போட்டுப் படம் எடுத்து, ‘முதல் கொடையாளர் திரு. இருதயசாமி’ என்று முன்கூடத்தில் மாட்டினார். நெறிமுறைக் குழுவில் ‘பொதுமக்கள் பிரதிநிதி’ என்ற பதவியும் கொடுத்தார். இருதயசாமி இரண்டு கூட்டத்துக்குப் போனார். இரண்டிலும் சமோசா நன்றாக இருந்ததாகச் சொன்னார். ஜனவரியில் இறந்துபோனார்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை. முடியாமல் போனதற்குக் காரணம் ஆக்ஸிலியா.

ஆக்ஸிலியா எங்கள் தெருப் பெண். நடுவத்தில் லேப் டெக்னீஷியன். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை வேலையை விட்டு நீக்கி, மறுநாளே புதிதாக எடுத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்த வேலை. கித்தேரியம்மாளை அத்தை என்று கூப்பிடுவாள். செப்டம்பர் கடைசியில் ஒருநாள் வெள்ளனே இட்லிமாவு வாங்க வந்தவள், வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டாள்.

“அத்தை, சொல்லக்கூடாது. ஆனா சொல்லாம இருக்க முடியல. மாமாவோட ஈரல் உசுரோட இருக்கு.”

கித்தேரியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார்.

ஆக்ஸிலியா விளக்கினாள். அன்றைக்குக் கொடுத்த துண்டிலிருந்து அணுக்களைப் பிரித்து, சின்னச் சின்னக் குப்பிகளில் உறையவைத்திருந்தார்கள். எல்லாம் தீர்ந்து ஒரே ஒரு குப்பி மிச்சம். டெல்லியிலிருந்து பார்வையிட ஆட்கள் வந்ததால், இருபதாம் தேதி அதை உருக்கித் தட்டில் விட்டிருக்கிறார்கள். இனி இல்லை, இதுதான் கடைசி.

“தட்டுல எப்பிடி உசுரோட இருக்கும்?”

“சும்மா விட்டா இருக்காது அத்தை. ஈரல் அணு தனியாக் கெடந்தா ஒரு வாரத்துல தன் வேலையே மறந்து செத்துப்போகும். அதனால தட்டுல பொடிப்பொடியா புள்ளி அச்சடிப்போம். புள்ளிக்கு ஒரு கூட்டமா மாமா உக்காந்திருப்பாரு. சுத்தி இருக்கிற எடம் பூராவும் வேற அணுவ நெரப்பிருவோம், தொணைக்கு. அப்பிடிச் சுத்தி ஆளு இருந்தா ஆறு வாரம் வரைக்கும் நல்லா இருக்கும். உடம்புக்குள்ள என்ன வேலை பாத்துச்சோ அதே வேலையப் பாக்கும்.”

“தொணைக்கு யாரு?”

ஆக்ஸிலியா மாவுத் தூக்கை இன்னொரு கைக்கு மாற்றினாள். “எலி, அத்தை. எலியோட அணு.”

“எலியா! ஏ புள்ள, எலின்னா அந்த மனுசனுக்கு ஆகவே ஆகாதே! வயரக் கடிக்குதுன்னு வீடு பூரா பொறி வச்ச ஆளுடி அவுக.” சிரிக்க ஆரம்பித்த கித்தேரியம்மாள், சிரித்து முடிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவருக்கு வேறொரு சிக்கல் வந்துவிட்டது. நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். இருதயசாமிக்கு அது முதல் கல்லறைத் திருநாள். பூசைக் கருத்துக்கு, அதாவது யாருக்காகப் பூசை என்று, பேர் எழுத இரண்டு சீட்டு உண்டு, இறந்தோருக்கு ஒன்று, உயிரோடு இருப்பவர்களின் நலனுக்கு ஒன்று. கித்தேரியம்மாள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எதில் எழுத என்று, சர்ச்சில் மணியடிக்கிற கோயில்பிள்ளையைக் கேட்டார். அவர் குழம்பிப்போய், “நீங்க போயி ஒருக்கப் பாத்துட்டு வந்து எழுதுங்க” என்றார். அந்த விஷயத்தில் இந்த ஊரில் யாராவது உருப்படியாக ஒரு யோசனை சொன்னார்கள் என்றால், அது அவர்தான்.

படம் எடுத்துவந்து காட்டுகிறேன் என்றாள் ஆக்ஸிலியா. “படம் ஏற்கெனவே மாலை போட்டுத் தொங்குது. எனக்கு உசுராப் பாக்கணும். ஒரே ஒரு தடவ” என்றார் கித்தேரியம்மாள். கேட்டது அவ்வளவுதான். அவர்கள் கையிலிருந்த நாள் சுமார் முப்பது.

வாசல் சண்டை முடிந்து, இறப்புச் சான்றைக் காட்டி, நிர்வாக அலுவலர் சண்முகராஜ் முன்னால் போய் உட்கார்வதற்கே ஒரு வாரம் ஆனது. சண்முகராஜ் நல்ல மனிதர். யாரையும் நிற்கவைத்துப் பேசமாட்டார். உட்காரவைத்துத்தான் அனுப்புவார்.

“அந்தச் சாம்பிள் யாரோடதுன்னு எங்களுக்கே தெரியாதும்மா. பேர எடுத்துட்டுக் குலுக்கல்ல ஒரு எண் போட்டுட்டோம். கே-07. கொடையாளர் யாருன்னு வெளிய தெரியக்கூடாது, அதுதான் நெறிமுறை.”

“முன்னாடி போட்டோ மாட்டி, கீழ பேரும் போட்டிருக்கீகளே சார்.”

“அது விளம்பரப் பிரிவு. அவங்களுக்கு ஆளத் தெரியும், சாம்பிளத் தெரியாது. ஆய்வுப் பிரிவுக்குச் சாம்பிளத் தெரியும், ஆளத் தெரியாது.”

“உங்களுக்கு?”

“நான் நிர்வாகம். எனக்கு ரெண்டுமே தெரியக்கூடாது.”

நெருங்கிய உறவினர் பார்ப்பதற்கு விதியில் இடம் இருந்தது. கே-07 என்பவர் தன் கணவர்தான் என்று உறவுச் சான்று வாங்கிவந்தால் போதும். கித்தேரியம்மாள் அதையும் நம்பித் தாலுகா அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்தவர் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்துவிட்டு, கே-07 எங்கே குடியிருக்கிறார் என்று கேட்டார். ஆக்ஸிலியா எழுதிக்கொடுத்திருந்த துண்டுத்தாளைப் பார்த்து கித்தேரியம்மாள் வாசித்தார்: “முன்னாடி மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு டிகிரி தொட்டி. இப்ப முப்பத்தேழு டிகிரி பெட்டி, ரெண்டாவது தட்டு.”

“வாடகையா, சொந்தமா?”

“கொடுத்ததுங்க.”

பத்து நாள் கழித்துச் சான்று வந்தது. ‘கே-07 என்பார் மேற்படி முகவரியில் வசிப்பதாக அக்கம்பக்கத்தில் விசாரித்த வகையில் தெரியவரவில்லை.’ விசாரித்த அக்கம்பக்கத்தில் நானும் ஒருத்தி. உண்மையைத்தான் சொன்னேன்.

சண்முகராஜ் அந்தத் தாளைப் பார்த்து வருத்தப்பட்டார். இனி நெறிமுறைக் குழுவைத்தான் கூட்டவேண்டும் என்றார். அதில் ஒரு சின்னத் தடங்கல். பொதுமக்கள் பிரதிநிதி இல்லாமல் குழு கூட முடியாது. பிரதிநிதி திரு. இருதயசாமி, ஜனவரியிலிருந்து எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை, விடுப்புக் கடிதமும் தரவில்லை. வேறொருவரை நியமிக்கலாம். ஆனால் நியமிக்கிற அதிகாரம் குழுவுக்குத்தான் உண்டு. குழுவோ அவர் இல்லாமல் கூடாது.

அக்டோபர் இருபது ஆகிவிட்டது. ஆக்ஸிலியா ஒருநாள் விட்டு ஒருநாள் தட்டில் பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றுவாள். அதில் அணுக்கள் சுரந்த புரதம் எவ்வளவு என்று அளப்பாள். மாலையில் வந்து கித்தேரியம்மாளிடம் சொல்வாள். முதலில், “நல்லா இருக்காரு அத்தை.” அப்புறம், “பரவாயில்ல அத்தை.” இருபதாம் தேதிக்குப் பிறகு, “கொஞ்சம் அசதியா இருக்காரு.” ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஆளைப் பற்றிப் பேசுவதுபோலவே இருக்கும். கித்தேரியம்மாள் ஒருநாள் அசந்துபோய், “ரொட்டி ஏதாச்சும் குடுத்துவிடவா?” என்றுகூடக் கேட்டுவிட்டார்.

சண்முகராஜ்தான் வழி கண்டுபிடித்தார். உறுப்பினரின் உயிருள்ள பகுதி கூட்டம் நடக்கும் அதே மாடியில் இருப்பதால், அவர் வந்திருப்பதாகவே கொள்ளலாமே? ‘உறுப்பினர் கட்டடத்தினுள் உயிருடன் இருக்கிறார்’ என்று ஆய்வகம் சான்று கொடுத்தது. ஆக்ஸிலியா கையெழுத்துப் போட்டாள். அக்டோபர் இருபத்தெட்டில் குழு கூடியது.

அங்கே நடந்ததைச் சமோசா கொண்டுபோன ஞானவேல் சொல்லித்தான் தெரியும். வருகைப் பதிவேட்டில் இருதயசாமி பேருக்கு எதிரே ‘வந்தார்’ என்று எழுதினார்கள். அவருக்கும் ஒரு தட்டில் இரண்டு சமோசா வைத்தார்கள். பிறகு இயக்குநர் எழுந்தார்.

“நண்பர்களே, நமது ஆய்வின் தத்துவத்தை இந்த நேரத்தில் நினைவுகூர விரும்புகிறேன். ஈரல் அணு தனித்து விடப்பட்டால் அழிகிறது. அன்பான சுற்றம் இருந்தால் வாழ்கிறது. இந்த மாபெரும் உண்மையை உலகத்துக்கு எடுத்துச் சொல்கிற நிறுவனம் இது. அந்த அம்மையார் வெளியே தனியாகத்தானே உட்கார்ந்திருக்கிறார்? நல்லது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கட்டும்.”

அப்போது ஓர் உறுப்பினர் விதியைக் கிளப்பினார். விவாதிக்கப்படும் பொருளில் சொந்த நலன் உள்ளவர் அறையை விட்டு வெளியேற வேண்டும். இருதயசாமிக்குச் சொந்த நலன் உண்டா என்று பத்து நிமிடம் பேசி, உண்டு என்று முடிவெடுத்தார்கள். அவர்தான் அறையிலேயே இல்லையே என்றார் சண்முகராஜ். அப்படியானால் வெளியேறிவிட்டதாகக் குறித்துக்கொள்ளலாம் என்றார்கள். குறித்ததும் குழுவில் எண்ணிக்கை குறைந்துபோய்க் கூட்டம் செல்லாமல் போனது. எல்லோரும் சமோசாவை முடித்தார்கள். அந்த இரண்டையும் சேர்த்து.

வெளியே பெஞ்சில் இருந்த கித்தேரியம்மாளுக்கும் அந்தத் தட்டுக்கும் நடுவே ஒரே ஒரு கதவுதான். ஆக்ஸிலியாவின் விரலுக்கு அது திறக்கும். திறந்தால் அவளுக்கு வேலை போய்விடும், அவள் சம்பளத்தில்தான் தகப்பன் டயாலிசிஸ் ஓடுகிறது. அது கித்தேரியம்மாளுக்கும் தெரியும். “நீ பேசாம இருடி, மொறையாவே பாப்போம்” என்று அவரே சொல்லிவிட்டார். முறையை அவ்வளவு நம்பினார்.

கடைசியில் இயக்குநர் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தினார். மனிதாபிமான அடிப்படையில் அனுமதி. நவம்பர் இரண்டு, காலை பதினொரு மணி, ஏழு நிமிடம். நாற்பத்துமூன்றாவது நாள். “தாங்கும் அத்தை. நேத்து நானே பாத்தேன், இன்னும் இருக்காரு” என்றாள் ஆக்ஸிலியா.

அன்று காலை கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் சுண்ணாம்பு அடித்த கல்லறைகளில் சாமந்தி வைத்து மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தோம். கித்தேரியம்மாள் தன் கணவர் கல்லறையில் பூ மட்டும் வைத்தார். திரியைப் பற்றவைக்கவில்லை. கல்யாணத்துக்குக் கட்டிய சேலையைக் கட்டியிருந்தார். கூட்டிப்போக ஆக்ஸிலியா கல்லறைத் தோட்டத்துக்கே வந்திருந்தாள்.

அவள் இங்கே வந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில்தான் அது நடந்தது.

நடுவத்தில் ‘பார்வையாளர் வருகைக்கு முன் செய்யவேண்டியவை’ என்று ஒரு பட்டியல் உண்டு. வெளியாட்களுக்குத் தொற்று வந்துவிடக்கூடாது என்பதற்காகப் போட்டது. எண் நான்கு: மனித மூலம் கொண்ட உயிர்ப்பொருள்கள் அனைத்தையும் பிளீச்சிங் கரைசலில் இட்டு அகற்றுக. டெல்லி ஆட்கள் பார்வையாளர்கள் இல்லை, விருந்தினர்கள். அதனால் அன்றைக்கு இந்தப் பட்டியல் வெளியே வரவில்லை. இப்போது வருவது பார்வையாளர். ஆய்வக உதவியாளர் மனோஜ்குமார் புதிதாகச் சேர்ந்தவர், கவனமானவர். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாகச் செய்து டிக் அடித்தார். நான்காவதோடு கே-07 போனது. எலிக்குப் பட்டியலில் இடமில்லை. ஆகவே ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எலி அணு மட்டும் வளர்த்துவந்த தட்டு தப்பியது. பார்வையாளர் வந்தால் ஏதாவது காட்டவேண்டுமே என்று அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டார்.

கித்தேரியம்மாளுக்குத் தொப்பி, கையுறை, காலுறை எல்லாம் மாட்டினார்கள். ஓர் உறுதிமொழியில் கையெழுத்தும் வாங்கினார்கள். ஆய்வகத்தில் தும்மல், இருமல், கண்ணீர் ஆகிய திரவங்களை வெளியிடமாட்டேன் என்று அதில் இருந்தது. “அழமாட்டேன் சார்” என்று வாயாலும் சொன்னார்.

உள்ளே போனதும் ஆக்ஸிலியா தட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். ‘துணை அணு மட்டும்.’ மனோஜ்குமாரைப் பார்த்தாள். அவர் பட்டியலை நீட்டி நான்காவது டிக்கைக் காட்டினார். இயக்குநர் பின்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். போட்டோக்காரர் தயாராக இருந்தார்.

கித்தேரியம்மாள் குனிந்து கண்ணை வைத்துவிட்டார்.

“ஆத்தாடி, எம்புட்டு இருக்காக… ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு… ஏ ஆக்ஸி, இதுல அவுக எது?”

ஆக்ஸிலியா அவர் பக்கத்தில் குனிந்தாள். “நடுவுல இருக்கிறது, அத்தை.”

“எலி?”

“சுத்தி இருக்கிறது.”

“தனியா விடலதான?”

“விடல அத்தை.”

அதன் பிறகு ஆறு நிமிடமும் கித்தேரியம்மாள் கண்ணை எடுக்காமல் பேசினார். நம்ம மக ரெஜினாவுக்குப் பெண்குழந்தை பிறந்திருக்கிறது, மூக்கு உங்க மூக்கு. ஸ்கூல் கீசர் மறுபடியும் பழுது, புதுசா வந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியல. உங்கள குடிகாரன்னு சொன்னவுகளோட இப்ப நான் பேசுறதில்ல, ஆனா மாவு கேட்டா குடுக்குறேன். இங்க கரண்டு போனா ஜெனரேட்டர வெரசா போடுறாகளா? நீங்க பண்ணுன வயரிங்தான், ஒண்ணும் ஆகாது. நான் வரட்டுமா? அடுப்ப அணைச்சுட்டுத்தான் வந்தேன், பயப்படாதீக.

எழுந்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. உறுதிமொழி கொடுத்திருந்தாரே. உறுதிமொழியில் கையெழுத்துப் போடாத ஆக்ஸிலியாதான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். அதற்கு அவளிடம் விளக்கம் கேட்டு மறுநாள் கடிதம் வந்தது. நடுவத்தின் செய்திமடலில், ‘கொடையாளர் குடும்பச் சந்திப்பு விதிமீறல் ஏதுமின்றி இனிதே நிறைவு’ என்று படத்தோடு போட்டிருந்தார்கள்.

கித்தேரியம்மாள் நேரே கோயிலுக்குப் போய், உயிரோடு இருப்பவர்கள் சீட்டில் பேரை எழுதிப் போட்டார்.

மனோஜ்குமார் ஞானவேலிடம் சொல்ல, ஞானவேல் டீக்கடையில் சொல்ல, சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஒருவர் வீட்டுக் குழம்பில் உப்புக் கூடினால் ஊருக்குச் சொல்கிற தெரு இது. நான்கு நாள் கழித்து ஆக்ஸிலியா வந்து, “அத்தை, நேத்து ராத்திரி மாமா போயிட்டாரு, அமைதியாத்தான்” என்று சொன்னபோது, கித்தேரியம்மாள் வாசலில் மறுபடியும் பெஞ்சு போட்டார். நாங்கள் எல்லோரும் போனோம். இரண்டாவது முறையாகத் துக்கம் விசாரித்தோம். கறுப்புக் காப்பி குடித்தோம். “நல்லா வாழ்ந்தாக, கடைசி வரைக்கும் கூட்டத்தோட இருந்தாக” என்று அவர் சொல்லச் சொல்ல, ஆமாம் ஆமாம் என்றோம். ஒருத்தர் வாயிலிருந்தும் வேறு ஒரு சொல் வரவில்லை. என் வாயிலிருந்தும்.

இயக்குநர் சிவமுருகன் பதவி உயர்வில் டெல்லிக்குப் போய்விட்டார், அங்கே வெயிலுக்கு என்ன செய்கிறாரோ. மனோஜ்குமாரை நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஆக்ஸிலியாவின் தகப்பன் டிசம்பரில் தவறிப்போனார். அந்த வாரமே அவள் வேலையை விட்டாள். ஈஸ்டர் பாஸ்கா கழிந்ததும் தாண்டிக்குடி காப்பித் தோட்டத்தில் ஜீப் ஓட்டும் ஆக்னலுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணப் பந்தலில் கித்தேரியம்மாள் மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க வீட்டுக்காரருக்குக் கடைசி மூச்சு வரைக்கும் தண்ணி ஊத்திப் பாத்தது இந்தப் புள்ளதான். ஏலே, இவள நல்லா வச்சுக்க” என்றார். ஆக்ஸிலியா உடைந்துபோய் அழுதாள். பெண் வீட்டைப் பிரிகிறாள், அழத்தான் செய்வாள் என்று மாமியார் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார்.

மறுவாரம் கித்தேரியம்மாளும் வீட்டைக் காலிசெய்துவிட்டு, அடுக்கம் கிராமத்தில் இருக்கும் மகள் ரெஜினாவிடம் போய்விட்டார். அவரும் ஆக்ஸிலியாவும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசிக்கொள்கிறார்களாம். என்ன பேசுகிறார்கள் என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.